ஒரே கணத்தில் அனுப்பினால் ஒன்றும் போய்ச் சேராது
என்எஸ்-3 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரில், நகர்ந்துகொண்டே இருக்கும் 50 நோடுகளை (கருவிகளை) வைத்து, நடுவில் ரூட்டர் இல்லாமல் அவை தமக்குள்ளேயே செய்தியைக் கைமாற்றும் அட்ஹாக் நெட்வொர்க் ஒன்றை ஓட்டினேன். ஒரு நோடு அனுப்பும் செய்தி பாதிப் பேருக்குக்கூடப் போகவில்லை. இரண்டு நாள், செய்திக்கு வழி தேடும் ரூட்டிங் நிரலைக் குடைந்தேன். பிழை அங்கே இல்லை. யார் எப்போது அனுப்பினார்கள் என்று பதிவாகும் டிரேஸ் ஃபைலைத் திறந்தபோதுதான் பிடிபட்டது: செய்தியைக் கேட்ட அண்டை நோடுகள் எல்லாம் அதைப் பரப்ப ஒரே கணத்தில் மறுபடி அனுப்பி, மோதிக்கொண்டிருந்தன. வைஃபையில் எல்லோருக்குமாக அனுப்பும் பிராட்காஸ்டுக்கு, ‘கிடைத்தது’ என்ற ஒப்புகை கிடையாது, தொலைந்தால் தொலைந்ததுதான்.

முதலில் 10 மில்லிவிநாடி வரை ரேண்டம் தாமதம் சேர்த்தேன். ஓரளவு சரியானது. அப்புறம், காத்திருக்கும் நேரத்தில் அதே செய்தி 3 முறை காதில் விழுந்தால், அக்கம்பக்கத்துக்கு ஏற்கெனவே போயிருக்கும், அனுப்பவே வேண்டாம் என்று மாற்றினேன். 1999இலேயே தைவான் ஆய்வாளர்கள் சொன்ன வழிதான். ஓரத்தில் தனியாக நின்ற நோடுக்கும் செய்தி போனதைப் பார்த்ததும் அப்படி ஒரு நிம்மதி!