பழைய லேண்ட்லைன் போன் இரண்டு, 12 வோல்ட் பேட்டரி ஒன்று: மின்சாரத்தை வீணாக்காமல் லைன் ஓட்டுவது எப்படி

வீட்டிலிருந்து தோட்டத்து மோட்டார் ரூமுக்கு 400 மீட்டர். அங்கே செல்போன் சிக்னல் கிடையாது. பரணில் இரண்டு பழைய போன் கிடந்தன, சோலார் பேனலோடு ஒரு 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியும் இருந்தது. இந்த மூன்றையும் வைத்து ஒரு இன்டர்காம் செய்தேன். போனுக்கு மின்சாரம் கொடுக்கும் இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தேவையில்லாமல் பேட்டரியைக் காலி பண்ணுகிறார்கள், அதனால் அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பழைய எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரி, ஒரு வயருக்கு 200 ஓம் வீதம் மொத்தம் 400 ஓம் காயில், அது வழியாக லைனுக்குக் கரண்ட் போகும். ரிசீவரைத் தூக்கிய போன் சுமார் 200 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் லைனில் 0.5 மில்லிமீட்டர் செம்பு வயர், போக வர சேர்த்துக் கிலோமீட்டருக்கு 175 ஓம், ஆக 400 மீட்டருக்கு 70 ஓம். 48-ஐ 670-ஆல் வகுத்தால் 71 மில்லி ஆம்பியர், அதாவது 3.4 வாட். ஆனால் போன் ஒழுங்காகப் பேச 20 மில்லி ஆம்பியர் போதும். அந்தக் கரண்டில் சாதாரண பட்டன் போனுக்கு மேல் ஐந்து முதல் ஏழு வோல்ட்தான் நிற்கும், கால் வாட்கூட ஆகாது. மீதியில் பெரும்பகுதி காயிலைச் சூடாக்கத்தான் போகிறது. எக்ஸ்சேஞ்சைக் குறை சொல்லவில்லை, அவர்கள் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்கும் இதே 48-ஐ வைத்துத்தான் கரண்ட் அனுப்ப வேண்டும். நமக்கு அந்தத் தேவை இல்லை.

ஆக, வேலை இரண்டு. கரண்டை 20 மில்லி ஆம்பியரில் பூட்ட வேண்டும், வோல்டேஜை லைனுக்குத் தேவையான அளவுக்குக் குறைக்க வேண்டும்.

கரண்டைப் பூட்ட எல்லோரும் சொல்லும் வழி எல்எம் 317. ஒரு ஐசி, ஒரு 62 ஓம் ரெசிஸ்டர், 1.25-ஐ 62-ஆல் வகுத்தால் 20 மில்லி ஆம்பியர், முடிந்தது. ரிசீவர் கீழே இருக்கும்போது ஒரு துளி கரண்டும் எடுக்காது, அந்த விஷயத்தில் தங்கம். ஆனால் அது வேலை செய்ய ஏறக்குறைய மூன்று வோல்ட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். பேட்டரி 11.5-க்கு இறங்கிய விடியற்காலையில் போனுக்கு மிச்சம் இருக்காது, குரல் கரகரக்கும். அப்புறம் அதற்காகவே வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் ஒரு பூஸ்ட் மாட்யூல் வாங்கி மாட்ட வேண்டி வரும், அது யாரும் பேசாதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் போட்டது இரண்டு பிசி 557பி டிரான்சிஸ்டர். ஒவ்வொன்றுக்கும் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று கால். முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரிலிருந்து 33 ஓம் வழியாகப் பிளஸ் 12-க்கு, கலெக்டர் லைனுக்கு. இரண்டாவதின் எமிட்டர் நேராகப் பிளஸ்ஸுக்கு, அதன் பேஸ் முதலாவதின் எமிட்டருக்கு, அதன் கலெக்டர் முதலாவதின் பேஸுக்கு. அந்த பேஸிலிருந்து 22 கிலோ ஓம் ஒன்று மைனஸுக்கு. அவ்வளவுதான். 33 ஓமின் மேல் 0.65 வோல்ட் ஏறியதும் இரண்டாவது டிரான்சிஸ்டர் விழித்து முதலாவதை அடக்கும், கரண்ட் 20-ஐத் தாண்டாது. இது எடுத்துக்கொள்ளும் வோல்டேஜ் ஒன்றுக்கும் குறைவு. சும்மா இருக்கும்போது அரை மில்லி ஆம்பியர் போகும், பத்து நாள் வெயில் இல்லாவிட்டாலும் இரண்டு லைனுக்குமாகக் கால் ஆம்பியர்-ஹவரைத் தாண்டாது. லைன் ஷார்ட் ஆனால்கூட டிரான்சிஸ்டரில் கால் வாட்தான், அது தாங்கும்.

இதில் இன்னொரு லாபம். கலெக்டர் பக்கம் பேச்சு சிக்னலுக்குப் பெரிய தடை, அதனால் குரல் பேட்டரிக்குள் போய் மறையாது. எக்ஸ்சேஞ்சில் அத்தனை பெரிய காயில் எதற்கு இருந்ததோ அந்த வேலையை இந்த இருபது பைசா சாமான் செய்துவிடுகிறது. (விலை இருபது பைசா இல்லை, ஆனால் தோன்றியதைச் சொன்னேன்.)

வீட்டு போனுக்கு இப்படி ஒரு செட், தோட்டத்து போனுக்கு ஒரு செட், இரண்டும் வீட்டில் ஒரே டப்பாவுக்குள். மைனஸ் இரண்டுக்கும் பொது. இரண்டு லைனின் பிளஸ் பக்கத்தையும் 4.7 மைக்ரோபாரட், 250 வோல்ட் பிலிம் கெபாசிட்டர் ஒன்றால் இணைத்தால் குரல் மட்டும் கடக்கும், டிசி கடக்காது. எலக்ட்ரோலிடிக் வேண்டாம், எந்தப் பக்கம் வோல்டேஜ் அதிகம் என்பது நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

சரி, கூப்பிடுவது எப்படி? தோட்டத்திலிருந்து வீட்டைக் கூப்பிட ரிசீவரைத் தூக்கினால் போதும். தோட்டத்து செட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவில் பிசி 817 ஆப்டோகப்ளரின் (உள்ளே இருக்கும் எல்இடி எரிந்தால் அந்த ஒளியில் மறுபக்கம் ஆன் ஆகும் ஐசி) எல்இடியைத் தொடராக வைத்து, அதன் வெளியீட்டில் ஒரு 12 வோல்ட் பீசோ பஸ்ஸர் மாட்டுங்கள். எல்இடிக்குக் குறுக்காக 1 கிலோ ஓம் கண்டிப்பாக வேண்டும். அது இல்லாமல் நான் விட்டதில் அந்த அரை மில்லி ஆம்பியருக்கே எல்இடி லேசாக எரிந்து, ராத்திரி முழுக்க பஸ்ஸர் கொசு மாதிரி முனகியது. பஸ்ஸரை நிறுத்த ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். தானாக நிற்க வைக்கலாம், சோம்பல்.

வீட்டிலிருந்து தோட்டத்தைக் கூப்பிட உண்மையான மணி ஓட்ட வேண்டும். இந்திய லைனில் அது சுமார் 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸ் ஏசி. 18-0-18 டிரான்ஸ்பார்மரைத் தலைகீழாகப் போடுங்கள்: 36 வோல்ட் முழுச் சுற்றுக்கு எல்293டி போர்டு (மோட்டாரைத் திசை மாற்றி ஓட்டும் ஐசி) வழியாக 12 வோல்ட்டை நொடிக்கு 25 முழுச் சுழற்சியாக, அதாவது 50 முறை திசை புரட்டிக் கொடுத்தால், ஐசி தின்றது போக 230 பக்கம் 60 வோல்ட் அளவில் வரும், மணி நன்றாகவே அடிக்கிறது. நான் முதலில் கையில் இருந்த 12-0-12-இன் ஒரு பாதியில் கொடுத்தேன், இரண்டு நிமிடத்தில் வாசனை வந்துவிட்டது. 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்பார்மர் 25 ஹெர்ட்ஸில் பாதி வோல்டேஜைத்தான் தாங்கும், அதற்கு மேல் கோர் நிறைந்து போய்க் கரண்டைக் குடிக்கும். 36 வோல்ட் சுற்றுக்கு 18 வரை சரி, நாம் கொடுப்பது 12.

மணி போர்டுக்குக் கரண்ட் பட்டன் அழுத்தும்போது மட்டும்தான். அதே பட்டன் ஒரு ரிலேயையும் இழுத்து, தோட்டத்து லைனின் இரு வயரையும் செட்டிலிருந்து பிரித்து டிரான்ஸ்பார்மருக்கு மாற்றும். கெபாசிட்டர் செட் பக்கமே இருக்க வேண்டும், இல்லையென்றால் மணி உங்கள் காதில் அடிக்கும். ஒரு நொடி அழுத்தி விடுங்கள். எதிர்முனையில் எடுத்துவிட்டால் பஸ்ஸர் கத்தும், அதுவே பதில். அழுத்திக்கொண்டே இருந்தால் எடுப்பவர் காதுக்கு நல்லதல்ல, அந்த 60 வோல்ட்டைக் கையால் தொட்டாலும் சுருக்கென்று இருக்கும்.

எல்லாம் மாட்டியதும் மல்டிமீட்டரை எடுங்கள். ரிசீவர் கீழே இருக்கும்போது லைனில் பேட்டரி வோல்டேஜ் ஏறக்குறைய அப்படியே தெரிய வேண்டும். தூக்கினால் தொடராக 18 முதல் 21 மில்லி ஆம்பியர். 15-க்குக் கீழே போனால் டிரான்சிஸ்டரைச் சந்தேகப்படாதீர்கள், முதலில் வயரைப் பாருங்கள், ஒட்டுப் போட்ட இடத்தில் பச்சை பூத்திருக்கும். லைன் இரண்டு கிலோமீட்டர் என்றால் வயரே 7 வோல்ட் எடுத்துவிடும், அப்போது 12 போதாது. 18 அல்லது 24-க்கு பூஸ்ட் வைத்து, அதை ஆப்டோகப்ளரால் ரிசீவர் தூக்கியபோது மட்டும் எழுப்புங்கள். எம்டி 3608 பூஸ்ட் மாட்யூல் என்றால் அதை எழுப்பவும் தூங்க வைக்கவும் உள்ள இஎன் கால் உள்ளீட்டோடு ஒட்டியிருக்கும், அந்தப் பாதையை பிளேடால் வெட்டிவிட்டுத் தனி வயர் இழுக்க வேண்டும். பூஸ்ட் தூங்கும்போதும் அதன் காயில், டையோடு வழியாக 12 வோல்ட் லைனுக்குப் போய்க்கொண்டே இருக்கும், அதனால் தூக்கியது தெரிந்துவிடும்.

வயரை மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். நான் கட்டினேன், மோட்டார் ஓடும்போதெல்லாம் ஊம் என்று ஒரே இரைச்சல். முறுக்கிய ஜோடி வயராக மாற்றி, ஓரடி தள்ளிக் கொண்டுபோனதும் அடங்கியது. வேலை செய்யும் எக்ஸ்சேஞ்ச் லைனோடு இந்த டப்பாவைச் சேர்க்கவே கூடாது.

இடிக்கு, இரு முனையிலும் ஒவ்வொரு வயரிலிருந்தும் எர்த்துக்கு 230 வோல்ட் கேஸ் டிஸ்சார்ஜ் டியூப் (வோல்டேஜ் எகிறினால் அதை எர்த்துக்குக் கடத்திவிடும் சாமான்) போட்டிருக்கிறேன். அப்படியும் ஐப்பசி மழையில் ஒருமுறை டிரான்சிஸ்டர் போனது. அதனால் டப்பா மூடியின் உட்பக்கம் நான்கு பிசி 557பி-யை டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.