ஆட்டோகேடில் ஸ்பெல் செக் அகராதி காணோமா? ரீசெட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்

போன வாரம் பக்கத்து சிஸ்டத்தில் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்த பையன், "அண்ணா, ஸ்பெல் செக் அகராதி காணோம்னு காட்டுது. ரீசெட் அடிச்சிடவா?" என்றான். கேட்கும்போதே ஸ்டார்ட் மெனு திறந்திருந்தது, மவுஸ் அந்த 'ரீசெட் செட்டிங்ஸ் டு டீஃபால்ட்' மேலேயே நின்றது. "கையை எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் அறையே திரும்பிப் பார்த்தது. பாவம், மிரண்டுவிட்டான். அதே இடத்தில் நான் ஒருமுறை கிளிக் செய்துவிட்டுப் பட்ட பாடு அவனுக்கு எப்படித் தெரியும்?

புதிதாக வருகிற ஒவ்வொருவரும் இந்த விஷயத்தில் நான் விழுந்த குழியிலேயே விழுகிறார்கள். ஆட்டோகேடை மூடித் திறந்து பார்ப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

தொலையாத அகராதியைத் தேடுவது

நம் டிராயிங்கில் குறிப்புகள் பெரும்பாலும் முழுக்க கேப்பிடல் எழுத்தில்தான் இருக்கும். ஸ்பெல் கமாண்டின் செட்டிங்ஸைத் திறந்தால், எந்தெந்தச் சொற்களைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று ஒரு பட்டியல் வரும். முழுக்க கேப்பிடலில் உள்ள சொற்கள், எண் கலந்த சொற்கள், நிறுத்தக்குறி உள்ள சொற்கள் என்று. அதில் கேப்பிடலுக்கு டிக் விழுந்திருந்தால் அவ்வளவுதான். ஷீட் முழுக்கப் பிழை இருந்தாலும் 'சரிபார்த்து முடிந்தது' என்று ஒரு நொடியில் சொல்லிவிடும். உடனே நம்மாள் அகராதியே லோடு ஆகவில்லை என்று முடிவுகட்டி, எங்கெங்கோ கை வைக்க ஆரம்பிப்பான்.

டைமென்ஷன் (அளவு) எழுத்து, பிளாக் அட்ரிபியூட் (பிளாக்காகச் சேமித்த உருவில் நிரப்பும் எழுத்து), எக்ஸ்ரெஃப் (வெளியிலிருந்து இணைத்த டிராயிங்) ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் டிக்குகள் அதே பெட்டியில்தான் உள்ளன. ஷீட்டின் தலைப்புக் கட்டமான டைட்டில் பிளாக்கில் பிழை தப்பிப்போவது பெரும்பாலும் இதனால்தான். எம்டெக்ஸ்ட் (பல வரி எழுத்து) எடிட்டரில் பிழையான சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு வரவில்லை என்றால், மேலே ரிப்பனில் ஸ்பெல் செக் பட்டன் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பதறலாம்.

ரீசெட்

இதைப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும்.

மறுநாள் காலை 42 ஷீட் போயாக வேண்டும். ராத்திரி ஸ்பெல் செக் ஓட்டினால் அகராதி கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. "ரீசெட் பண்ணு, எல்லாம் சரியாயிடும்" என்றார் கூட இருந்தவர். அடித்தேன். பேக்கப் எடுத்துவிட்டு ரீசெட் செய்யவா, அப்படியே செய்யவா என்று அது கேட்கத்தான் செய்தது. பேக்கப்புக்கு எங்கே நேரம் என்று இரண்டாவதை அழுத்தினேன்.

ஸ்பெல் செக் வந்தது, சந்தோஷமாக ஓட்டினேன். நான் பல வருடமாகச் சேர்த்து வைத்த சுருக்கச் சொற்கள், மெட்டீரியல் பெயர்கள் எல்லாவற்றிலும் வரிசையாக நின்றது. என் கஸ்டம் அகராதி போயே போய்விட்டது. சரி, போகட்டும் என்று ஒவ்வொன்றாக இக்னோர் அடித்து முடித்து, மொத்த ஷீட்டையும் பிளாட்டுக்கு, அதாவது அச்சுக்கு, அனுப்பிவிட்டுப் படுக்கப் போனேன்.

காலையில் வந்து தாளை எடுத்துப் பார்த்தால், எல்லாம் கலரில் வந்திருக்கிறது. கறுப்பில் விழ வேண்டிய கோடு பச்சையிலும் சிவப்பிலும் கிடக்கிறது. மஞ்சள் லேயரில் (அடுக்கில்) போட்ட ஹேட்ச், அதாவது உள்ளே நிரப்பும் கோடுகள், வெள்ளைத் தாளில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. எந்த நிறம் எப்படி அச்சாக வேண்டும் என்று சொல்லும் பிளாட் ஸ்டைலாக நான் வைத்திருந்த சிடிபி கோப்பும் அதே ரீசெட்டில் போய்விட்டிருந்தது. பிளாட் ஸ்டைல் இல்லாததால், லேயரின் நிறத்திலேயே அச்சடித்துத் தள்ளியிருக்கிறது. அதைச் சரிசெய்ய உட்கார்ந்தால் கமாண்ட் ஷார்ட்கட்டும் இல்லை. கை பழக்கத்தில் இரண்டு எழுத்தைத் தட்டுகிறேன், சம்பந்தமே இல்லாத கமாண்ட் திறக்கிறது. ஷார்ட்கட்களை வைத்திருக்கும் பிஜிபி கோப்பும் புதுசாகிவிட்டது.

காரணம் எளிது. கஸ்டம் அகராதி, பிஜிபி, மெனு, பிளாட்டர், பிளாட் ஸ்டைல் எல்லாமே வழக்கமாக உங்கள் விண்டோஸ் லாகினுக்குக் கீழே ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ஒரே கொத்தாக இருக்கின்றன. ஸ்டார்ட் மெனு ரீசெட் அந்தக் கொத்தையே வழித்துவிட்டு, இன்ஸ்டால் செய்த அன்று இருந்தபடி வைத்துவிடும். ஆப்ஷன்ஸில் ப்ரொஃபைல்ஸ் தாவலில் இருக்கும் ரீசெட் வேறு. அது அந்த ப்ரொஃபைலின், அதாவது பெயரிட்டுச் சேமித்த தொகுப்பின், அமைப்பை மட்டும் மாற்றும். பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்புகிறவர்கள் நிறைய.

இதில் கொடுமை என்னவென்றால், கோளாறு கடுகளவுதான். அதற்கு முந்தின வாரம் நண்பரின் ப்ரொஃபைலை ஏஆர்ஜி கோப்பாக வாங்கி இம்போர்ட் செய்திருந்தேன். ஏஆர்ஜிக்குள் அகராதி இருக்காது, அகராதி எங்கே இருக்கிறது என்ற பாதைதான் இருக்கும். அந்தப் பாதையில் அவர் யூசர் பெயர். என் மெஷினில் அப்படி ஒரு ஃபோல்டரே கிடையாது. ஒரு வரியை மாற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். பழைய வெர்ஷனின் ஏஆர்ஜியைப் புது வெர்ஷனுக்குள் கொண்டுவந்தாலும் இதே கதைதான், பாதை பழைய ஃபோல்டரையே காட்டிக்கொண்டிருக்கும்.

அன்று பையனோடு உட்கார்ந்து செய்தது இது. முதலில் ஆட்டோகேடை மூடி, ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் ஆட்டோகேட் ஃபோல்டரை அப்படியே வேறு இடத்துக்குக் காப்பி எடுத்தோம். ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு கமாண்ட் லைனில் டிசிடிமெயின் என்று அடித்தோம். எந்த மெயின் அகராதி என்று அது சொல்லும். இஎன்யூ என்றால் அமெரிக்க ஆங்கிலம். இஎன்எஸ், இஎன்இசட் இரண்டும் பிரிட்டிஷ். முன்னதில் 'ஆர்கனைஸ்' போன்ற சொற்கள் எஸ் போட்டு வரும், பின்னதில் இசட். அவனுக்கு அது சரியாக இருந்தது. அடுத்து டிசிடிகஸ்ட். கஸ்டம் அகராதியின் முழுப் பாதை வந்தது. அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டு போனால் அங்கே கோப்பு இல்லை. அவனுடைய கஸ்டம் அகராதிக் கோப்பான சாம்பிள்.கஸ் இருந்த இடத்தை ஆப்ஷன்ஸில் ஃபைல்ஸ் தாவலில், டெக்ஸ்ட் எடிட்டர், டிக்ஷனரி என்று தொடங்கும் கிளையில் காட்டினோம். சிவப்புக் கோடு வந்துவிட்டது. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

டிசிடியையும் கஸ்ஸையும் குழப்புவது

டிசிடி மென்பொருளோடு வரும் மெயின் அகராதி, கஸ் நீங்கள் சொல் சேர்க்கும் கஸ்டம் அகராதி. டிசிடி கோப்பே இல்லையென்றால் ரிப்பேர் இன்ஸ்டால் போடுங்கள். அதுவும் காப்பி எடுத்த பிறகு.

நோட்பேடில் சேவ் செய்வது

கஸ் கோப்பு வெறும் டெக்ஸ்ட், வரிக்கு ஒரு சொல். நோட்பேடில் திறந்து திருத்தலாம். 'சேவ் ஆஸ்' போட்டால் மட்டும் கோப்பின் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளலாம். விண்டோஸ் அந்த வாலை மறைத்துக் காட்டும், ஆட்டோகேட் ஏமாறாது.

எல்லோருக்கும் ஒரே அகராதி, நெட்வொர்க் டிரைவில்

யோசனை நல்லது. ஆனால் ஒரு மெஷினில் இசட் டிரைவாக இருப்பது இன்னொன்றில் ஒய் டிரைவாக இருக்கும். வீட்டிலிருந்து விபிஎன் இணையாமல் திறந்தால் அகராதி 'காணாமல்' போகும். டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு சர்வர் பெயரோடு தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள்.

உடைத்துக் கோடாக்கிய எழுத்து

அது எழுத்து அல்ல. எந்த அகராதியும் படிக்காது.

யோசிக்காமல் 'ஆட்' அடிப்பது

பொது அகராதியில் இது இன்னும் மோசம். ஒருவர் அவசரத்தில் தப்பான சொல்லைச் சேர்த்துவிட்டால், அன்றிலிருந்து எல்லோருடைய டிராயிங்கிலும் அது சரியான சொல். எங்கள் பொதுக் கோப்பை ஒருநாள் நோட்பேடில் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். 'ரீயின்ஃபோர்ஸ்மென்ட்' நடுவில் சி-க்கு அடுத்து வர வேண்டிய ஈ இல்லாமல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. யார் சேர்த்தது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். பழைய ஷீட்களைத் திறந்து பார்த்தேன். அந்த ஈ இல்லாமல் அதிகம் எழுதியிருந்தது நான்தான்.