மரத்தில் வாழும் பாம்பு புதிய இனமா என்று உறுதி செய்வது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஒகேனக்கல், அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலைப் பகுதிகளில் இதுவரை பார்த்திராத பாம்பு ஒன்று கிளையில் தென்பட்டால், அது ஏற்கெனவே பெயரிடப்பட்ட எந்த இனமும் அல்ல என்று ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டிய பிறகே அதைப் புதிய இனம் என்று சொல்ல முடியும். உழைப்பின் பெரும்பகுதி இந்த விலக்கலுக்கே போகும். கொம்பேறி மூக்கனுக்கு 1803-லேயே அறிவியல் பெயர் வைக்கப்பட்டுவிட்டது. பச்சைப்பாம்பின் கதை வேறு: நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்ட அது உண்மையில் பல இனங்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. கிழக்குத் தீபகற்பத்தின் வறண்ட காடுகளிலிருந்து ஒரு பூனைப்பாம்பு இனம் 2013-இல்தான் விவரிக்கப்பட்டது. ஆகவே, மழைக்காடுகளில்தான் புதியது கிடைக்கும் என்று நம் மாவட்டங்களின் வறண்ட காடுகளை ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

முதலில் அனுமதி. 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் பாம்பைப் பிடிக்கக் கூடாது. சாலையில் அடிபட்டுக் கிடப்பதைக்கூட எடுத்து வரக் கூடாது. இப்பகுதியிலுள்ள காவேரி வடக்கு வனஉயிரினச் சரணாலயம் யானை நடமாடும் காடு என்பதால், இரவுத் தேடலுக்கு வனத்துறையினர் உடன் வருவதே முறை. பச்சை நிறப் பாம்பெல்லாம் சாது என்று கை நீட்டுவதும் ஆபத்து, ஏனெனில் கிழக்குத் தொடர்ச்சி மலையில் மூங்கில் விரியனும் உண்டு.

உயிருடன் இருக்கும்போதே தலையின் பக்கவாட்டுத் தோற்றம், மேற்புறம், வயிறு, வால் நுனி ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுத்து, நிறங்களை எழுத்திலும் குறித்துவைக்க வேண்டும். மஞ்சள் நிறமி ஆல்கஹாலில் கரைந்துவிடுவதால், பச்சைப்பாம்பு புட்டியில் நீலமாகிவிடும்; குறிப்பு இல்லையென்றால் பின்னாளில் அதைப் பார்ப்பவர் ஏமாந்துபோவார். இடத்தின் ஆயத்தொலைவு, கடல்மட்ட உயரம், தரையிலிருந்து கிளையின் உயரம், மரத்தின் பெயர், நேரம் எல்லாம் அன்றே எழுதப்பட வேண்டும். மரபணு ஆய்வுக்கான சிறு திசுவை, உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் பாம்பை இடுவதற்கு முன்பே எடுத்து அடர்ந்த எத்தனாலில் வைக்க வேண்டும், ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும்.

செதில் எண்ணுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். கழுத்து, நடு உடல், மலவாய்க்கு முன்பகுதி என மூன்று இடங்களில் முதுகுச் செதில் வரிசைகளை எண்ண வேண்டும். வயிற்றுச் செதில்களை எண்ணும்போது, இருபுறமும் முதுகுச் செதிலின் முதல் வரிசையைத் தொடும் செதிலே முதலாவதாகக் கொள்ளப்படும். இந்த விதியைக் கடைப்பிடிக்காமல் எடுத்த எண்ணிக்கையைப் பிறர் எண்ணிக்கையோடு ஒப்பிட முடியாது. கண்ணைத் தொடும் மேலுதட்டுச் செதில்கள் எவை, மலவாய்ச் செதில் பிளந்ததா முழுமையா, நடுமுதுகு வரிசை அகன்றிருக்கிறதா என்பவையும் பதியப்பட வேண்டும். கண்மணி கிடையாக இருந்தால் பச்சைப்பாம்பின் பேரினத்தையும் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி), செங்குத்தாக இருந்தால் பூனைப்பாம்பின் பேரினத்தையும் முதலில் சோதிக்கலாம். ஒரேயொரு பாம்பை மட்டும் மாதிரியாக வைத்துக்கொண்டு முடிவெடுப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆண், பெண், குட்டி ஆகியவற்றிடையே வேறுபாடு இயல்பு என்பதால், தனியொரு பாம்பின் விசித்திரம் இன அடையாளமாகத் தோன்றிவிடும்.

பின்னர், அந்தப் பேரினத்தில் இதுவரை வைக்கப்பட்ட எல்லாப் பெயர்களையும், வழக்கொழிந்தவை உட்பட, மூல விவரணையோடும் அருங்காட்சியகங்களில் உள்ள மூல மாதிரிகளோடும் (அந்தப் பெயர்களுக்கு அடிப்படையான பாம்புகள்) ஒப்பிட வேண்டும். தென்னிந்தியப் பாம்புகளின் பழைய மாதிரிகள் பல லண்டனில் இருப்பதால், கடிதப் போக்குவரத்துக்கும் காலம் ஒதுக்க வேண்டியிருக்கும். 2020-இல் பச்சைப்பாம்பைப் பிரித்தவர்களும் எல்லாவற்றுக்கும் புதுப்பெயர் வைக்கவில்லை. சிலவற்றுக்குப் பழைய பெயர்களையே மீட்டெடுத்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வேறுபாடு நிலைத்தால் கட்டுரை எழுதலாம். பெயருக்கு அடிப்படையாகும் ஒற்றை மாதிரியை, அதாவது ஹோலோடைப்பை, வெளிப்படையாகக் குறிப்பிட்டு, அது வைக்கப்பட்டிருக்கும் நிறுவனத்தையும் சொல்ல வேண்டும். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், புதிய இனத்தின் மாதிரியை இந்திய விலங்கியல் ஆய்வகம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. அச்சு வடிவம் இல்லாமல் மின்னிதழில் மட்டும் வெளியிடுவதாக இருந்தால், வெளியீட்டுக்கு முன்பே விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு செய்து, அந்தப் பதிவின் சான்றைக் கட்டுரையிலேயே காட்டியிருக்க வேண்டும். அது விடுபட்டால் வைத்த பெயர் செல்லாது.