மொரீசியஸ் செல்ல 1983ஆம் ஆண்டுத் திருமணத்தைப் பதிவு செய்தது: என் அனுபவம்

ஐம்பது வயதைக் கடந்த வெளிநாட்டவருக்கு மொரீசியஸ் வழங்கும் ஓய்வுபெற்றோர் வசிப்பு உரிமத்துக்கான தாள்களைப் பாளையங்கோட்டையிலிருந்து திரட்டியபோது, துணைவியாரைச் சார்ந்தோராகச் சேர்க்க வேண்டிய திருமணச் சான்றிதழ்தான் கிடைக்காமல் இழுத்தடித்தது. (ரூபாய்த் தாளில் தமிழ் அச்சிடும் நாடு என்பதால் எங்களுக்கு அதன்மேல் தனி ஈர்ப்பு.)

எங்கள் திருமணம் 1983இல் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கோயில் ஒன்றில் நடந்தது; அதைப் பதிவு செய்யவில்லை. கோயில் ரசீதையும் அழைப்பிதழையும் நோட்டரியிடம் சான்றொப்பம் பெற்றுக் கொடுத்தோம், பயனில்லை. உறுதிமொழிப் பத்திரமும் ஏற்கப்படவில்லை. பிறகு ஒரு முகவர் நிரப்பித் தந்த பதிவு விண்ணப்பம் காரணம் எழுதப்படாமலே திரும்பியது.

காரணம் படிவத்தின் தலைப்பிலேயே இருந்தது. அது 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டத்துக்குரியது, அச்சட்டம் 24.11.2009 முதல் நடைபெற்ற திருமணங்களுக்கே பொருந்தும். அதற்கு முந்தைய இந்துத் திருமணங்களை 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் சார்பதிவாளரிடம் பதிவு செய்யலாம். அதற்குரிய படிவத்தில் அதே ரசீதையும் அழைப்பிதழையும் இணைத்துச் சாட்சிகளுடன் சென்றதும் சான்றிதழ் கிடைத்தது; பெரும் நிம்மதி.

பின்னர் சென்னையில் மாநில அரசின் சான்றொப்பமும், அதையடுத்து வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணத்தை வெளிநாடு ஏற்பதற்கான சான்று) பெற்றோம். இந்த வரிசையை மாற்ற இயலாது. சான்றிதழை லேமினேஷன் செய்துவிட்டால் முத்திரை பதிக்க முடியாது என்பதால், அதை உறையிலேயே வைத்திருப்பது நல்லது.