சோழர் காலக் காட்சியில் தைலமரம்: கொடைக்கானலில் லொகேஷன் பார்ப்பவர்கள் கவனத்துக்கு

போன மாதம் மன்னவனூர்ப் புல்வெளிக்கு ஒரு புது யூனிட் வந்திருந்தது. தஞ்சைப் பெரிய கோவில் கட்டிய கதை, டிவி தொடர். ராஜராஜனின் மலைநாட்டுப் படையெடுப்பை மட்டும் இங்கே எடுக்கிறார்களாம். லொகேஷன் பார்க்க வந்த தம்பி, "அண்ணே, பைன் காட்டுக்குள்ள இருந்து படை இறங்கி வந்தா எப்படி இருக்கும்!" என்றான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். கைக்கடிகாரம், கரண்ட் கம்பி போன்றவை யாரும் சொல்லாமலே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மரத்துக்கும் காலம் உண்டு

பெரிய கோவில் விமானத்தின் (கருவறை மேல் எழும் கோபுரம்) உச்சிக்குச் செப்புக் கலசம் கொடுத்தது ராஜராஜனின் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் என்று கல்வெட்டே சொல்கிறது. அது 1010. கொடைக்கானல் பைன் காடு பிரையன்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1906-இல் நட்டது. இடையில் ஏறக்குறைய 900 ஆண்டு. தைலமரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில், சீயக்காய் அல்ல) வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் இந்த மூன்றில் ஒன்று நிற்கும்.

நான் அப்போது ஒரு தொடரில் ஆர்ட் அசிஸ்டென்ட். தைலமரக் காட்டை நான்தான் காட்டினேன். நேரான அடிமரம், நடுவே பனி, எல்லோருக்கும் பிடித்துவிட்டது. முதல் நாள் காலை, விறகுக்கட்டோடு போன ஒரு பாட்டி நின்று பார்த்துவிட்டு, "எந்தக் காலத்துக் கதை சாமி? இதெல்லாம் கவர்மென்ட்டு நட்ட மரம். நான் சின்னப் புள்ளையில இங்க வெறும் புல்லுதான்" என்றார். "சரிங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

ஆறு நாள் எடுத்தோம். ப்ரொமோ வந்த இரவே பழனியில் தாவரவியல் வாத்தியாராக இருக்கும் என் மாமா போன் செய்தார். "மாப்ளே, வேல் பிடிச்சவன் தோளுக்குப் பின்னால பட்டை உரிஞ்சு தொங்குது பாரு. அது யூகலிப்டஸ். உங்க ஆளுங்க ஒருத்தருக்குமா தெரியல?" சேனல் நான்கு நாள் காட்சிகளைத் தூக்கிப் போட்டது. எண்பது துணை நடிகர்களை மறுபடி மலையேற்றினோம். பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன். அந்தப் பாட்டி சொன்னதை நின்று கேட்காததை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

இந்த மலையின் பழைய முகம் புல்வெளியும், மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலையும்தான். சோலை மரம் குட்டை. கிளை முறுக்கியிருக்கும், பாசி மூடியிருக்கும், உச்சி குடைபோலச் சேர்ந்திருக்கும். ஆனால் சோலைக்குள் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கேமராவைத் தாழ்த்தி, புல்லையும் பாறையையும் வானத்தையும் மட்டும் ஃபிரேமில் வையுங்கள். பூம்பாறைப் படிக்கட்டு வயல்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் அங்கே விளையும் உருளைக்கிழங்கு சோழர் அறியாதது.

வாயில் ஆவி

செட் போட்டாயிற்றே என்று தஞ்சைக் காட்சியையும் இங்கேயே முடிக்கப் பார்ப்பார்கள். கதையில் சித்திரை வெயிலில் கல் இழுப்பவன், இந்த மலைக்குளிரில் க்ளோசப்பில் வாயைத் திறந்தால் புகை வரும், வெறும் மார்பில் மயிர்க்கூச்சு தெரியும். பத்து மணிக்கு முன் எடுக்காதீர்கள். பின்னாலிருந்து லைட் அடித்தால் ஆவி இன்னும் பளிச்சென்று தெரியும். ஷாட்டுக்கு முன் வாயில் ஐஸ் துண்டு வைத்துத் துப்பச் சொன்னால் கொஞ்சம் குறையும். நடுங்குகிற ஆளுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனசு வராது, கீழே இறங்கி எடுப்பதே முறை.

குவாரி

கைவிட்ட குவாரியில் பாறை முகத்தைத் தடவிப் பாருங்கள். மேலிருந்து கீழாக நீளமான அரைவட்டப் பள்ளம் ஓடினால் அது மிஷின் துளை. பழைய கல்தச்சர் விட்டுப்போனது வரிசையாகச் சின்னச் சின்ன ஆப்புக்குழி.

நந்தி

தஞ்சைப் பெரிய கோவிலில் இன்றுள்ள பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. ராஜராஜனை அதன் முன் நிறுத்தாதீர்கள்.

நிழல்

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வசனம் வேண்டாம். விழும்.

படைச் சமையல்

மிளகாய் கூடாது. மிளகு.