பார்வையற்ற மாணவருக்குப் பாடக்குறிப்பு அனுப்பும் ஆசிரியருக்கு

எனக்குப் பார்வை கிடையாது, தமிழாசிரியராக இருக்கிறேன். நான் பி.ஏ. படித்தபோது பேராசிரியர் ஒருவர் பாடக்குறிப்பு முழுவதையும் பென்டிரைவில் போட்டு அன்போடு கொடுத்தார். விடுதிக்கு வந்து திறந்தால் கணினி எதையோ உளறியது. எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டேன்: ‘எம், கே, செமி, கே, எச்.’ அதுதான் ‘அம்மா’! பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். பார்ப்பவர் கண்ணுக்குத் தமிழ், கோப்புக்குள் ஆங்கில எழுத்து. கணினியில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும்.

ஆகவே முதல் வேலை, ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே இருந்தால் யூனிகோடு, அதாவது எல்லாக் கணினியும் தமிழாகவே அறியும் பொதுக் குறியீடு. இல்லையென்றால் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் போடுங்கள். மாற்றியபின் ஒருமுறை படித்துவிடுங்கள். நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் சேர்த்துக் குதறியிருக்கும்.

கரும்பலகையைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். எங்களுக்கு அது வெற்றுத்தாள். அச்சுப் பக்கமென்றால் படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறிவிடும். பக்க எண் வாக்கியத்துக்குள் புகுந்திருக்கும், எடுத்துவிடுங்கள். கையெழுத்தென்றால் நீங்களே தட்டச்சு செய்துவிடுவது நல்லது.

தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் மட்டும் போதாது. வேர்டில் கண்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது முறையான தலைப்பாகிவிடும். பிறகு நாங்கள் திரைவாசிப்பானின் உலாவு நிலையில் (ஒற்றை விசையால் கோப்புக்குள் தாவும் நிலை) ‘எச்’ விசையைத் தட்டித் தட்டி, குறிஞ்சி, முல்லை எல்லாம் தாண்டி மருதத்துக்கு நொடியில் போய்விடுவோம். இல்லாவிட்டால் நாற்பது பக்கத்தையும் கேட்டாக வேண்டும். கருப்பொருள் அட்டவணை போடும்போது கட்டங்களை இணைக்காதீர்கள். எந்தப் பறவை எந்தத் திணைக்கு என்பதே குழம்பிவிடும்.

கடைசியாக, உங்கள் கணினியிலும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை நிறுவுங்கள். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இருவர் உருவாக்கிய இலவச மென்பொருள் அது. இன்சர்ட், கண்ட்ரோல், ‘வி’ அழுத்தினால் பேச்சு அமைப்பு திறக்கும். அதில் இ-ஸ்பீக் என்ற பேச்சொலி மென்பொருளின் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுங்கள். தகரத்தைத் தேய்ப்பதுபோல இருக்கும், பழகிவிடும். திரையை அணைத்துவிட்டு, இன்சர்ட்டும் கீழ் அம்புக்குறியும் அழுத்தி உங்கள் குறிப்பைக் கேளுங்கள். எங்கே உங்களுக்கே புரியவில்லையோ அங்கே திருத்துங்கள். திருத்தியதை வகுப்புக்கு முந்தைய நாள் மாலையே அனுப்பிவிடுங்கள்.