ஹேஸ்பரோ: கடல் தின்னும் ஊரை நடந்து பார்ப்பது எப்படி

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் கரையில் உள்ள ஊர் இது. எழுத்தைப் பார்த்தால் ஹாப்பிஸ்பர்க் என்றுதான் வாசிக்கத் தோன்றும். பஸ்காரரிடம் ஹேஸ்பரோ என்று கேளுங்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் வண்டியை நிறுத்திவிட்டு, மண் சரிந்த விளிம்புக்கு ஓடிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது ஒரு பள்ளத்தை மட்டும்தான். நான் நில அளவை வேலையில் காலம் தள்ளியவன். எந்த ஊராக இருந்தாலும் மேட்டில் ஏறி நின்று அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் எல்லைக்குப் போவேன். இந்த ஊரில் எல்லையே நகர்ந்துகொண்டிருப்பதால் அந்த வரிசை இன்னும் முக்கியம். முதலில் தேவாலயம், அடுத்து கலங்கரை விளக்கம், கடைசியில் கரை.

கிளம்பும் முன் இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். கடல் வற்றும் நேரத்தைப் பார்த்து, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகக் கரையில் இறங்குவதுபோல் நடையைத் திட்டமிடுங்கள். நீர் ஏறியிருக்கும்போது மண்மேட்டுக்கும் அலைக்கும் நடுவே நிற்க இடம் இருக்காது. அடுத்தது, ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் நில அளவை நிறுவனத்தின் பழைய வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இங்கிலாந்துப் பகுதிகளும் அதில் உண்டு. இந்த ஊரின் படத்தை எடுத்து இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பழைய படத்தில் வயலும் பாதையும் இருக்கும் இடத்தில் இப்போது தண்ணீர் இருக்கும். அதைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். நார்விச்சிலிருந்து நார்த் வால்ஷம் வரை ரயில், அங்கிருந்து பஸ் அல்லது டாக்ஸி. பஸ் குறைவு.

செயின்ட் மேரி தேவாலயத்தின் கோபுரம் 110 அடி. சின்ன ஊருக்கு இவ்வளவு உயரம் எதற்கு என்று தோன்றும். அந்தக் காலப் பணக்காரர்களின் பக்தியும் பெருமையும் ஒரு காரணம். ஆனால் கடலில் போகிறவனுக்கு அது வழிகாட்டியாகவும் நின்றது. கரைக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஹேஸ்பரோ மணல்திட்டு எத்தனையோ கப்பல்களை விழுங்கியிருக்கிறது. கோடையில் சில நாட்கள் மேலே ஏற விடுகிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள், ஊரின் மொத்தக் கிடப்பும் அங்கிருந்துதான் பிடிபடும். உள்ளே 15ஆம் நூற்றாண்டின் எண்கோண ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. அடியில் சிங்கங்களும் காட்டு மனிதர்களும் செதுக்கப்பட்டிருக்கும். 1940இல் ஒரு ஜெர்மன் விமானம் போட்ட குண்டின் சிதறல்கள் தூண்களில் பதிந்திருப்பதையும் தேடிப் பாருங்கள்.

தேவாலயத் தோட்டத்தில் அவசரப்படாதீர்கள். 1801 மார்ச்சில் 74 பீரங்கிகள் கொண்ட இன்வின்சிபிள் என்ற போர்க்கப்பல், பால்டிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த கடற்படையோடு சேர யார்மவுத்திலிருந்து கிளம்பி, இந்தக் கரைக்கு வெளியே மணலில் ஏறிவிட்டது. சுமார் 400 பேர் இறந்தார்கள். கரையொதுங்கிய உடல்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இங்கே ஒரே குழியில் புதைத்தார்கள். அந்த இடத்தில் நினைவுக்கல் வந்தது 1998இல்தான். நடுவே கிட்டத்தட்ட 200 ஆண்டுகள் அடையாளம் எதுவும் இல்லாமல் கிடந்தது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

இனி வயல் வழியாகக் கலங்கரை விளக்கத்துக்கு. வெள்ளையில் மூன்று சிவப்புப் பட்டைகள், 85 அடி. 1789ஆம் ஆண்டுப் புயலில் நார்ஃபோக் கரையோரம் 70 கப்பல்களும் 600 பேரும் போனபிறகு, 1790இல் இங்கே இரண்டு விளக்குகளைக் கட்டினார்கள். ஒன்று உயரம், ஒன்று தாழ்வு. இரண்டையும் ஒரே நேர்க்கோட்டில் பார்த்துக்கொண்டு வந்தால் மணல்திட்டின் தென்முனையைச் சுற்றிக் கப்பல் பத்திரமாகப் போய்விடும். எங்கள் தொழிலிலும் இரண்டு புள்ளியைக் கண்ணுக்கு நேராக வைத்துத்தான் கோடு பிடிப்போம்; அதனால் இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஆனால் கடல் நெருங்கிவிட்டதால் தாழ்ந்த விளக்கை 1883இல் அணைத்துவிட்டு, பின்பு இடித்தார்கள். மிஞ்சிய விளக்கை இதே கரையில் உள்ள விண்டர்டன் என்ற ஊரின் விளக்கோடு மாலுமிகள் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் சிவப்புப் பட்டை வந்தது. கோபுரத்துக்கும் கடலுக்கும் நடுவே நின்று, பழைய வரைபடத்தைத் திறந்து, தாழ்ந்த விளக்கு எங்கே இருந்தது என்று குறிபார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

மிஞ்சியதையும் அணைத்துவிடுவதாக 1980களின் இறுதியில் அறிவிப்பு வந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. இந்த விளக்குக்காகவே 1990இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. அன்றிலிருந்து ஊர் அறக்கட்டளைதான் நடத்துகிறது. பிரிட்டனில் இப்படித் தனி அறக்கட்டளை நடத்தி, இன்னும் ஒளி வீசும் கலங்கரை விளக்கம் இது ஒன்றுதான். கோடையில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்பார்கள். முழங்கால் ஒத்துழைத்தால் ஏறுங்கள்.

அடுத்து பீச் ரோடு. பார்க்க ஒன்றுமில்லாத தெரு, அதனால்தான் போகச் சொல்கிறேன். 1950களின் இறுதியில் கட்டிய மரத்தடுப்பு அலையின் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. 1990களில் அது உடைந்து போனபின் தெருவின் கடலோர வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின. இங்கிலாந்தில் கடல் அரித்த வீட்டுக்கு இழப்பீடு கிடையாது. 2009இல் தொடங்கிய ஒரு சோதனைத் திட்டத்தில் மட்டும் ஒன்பது வீடுகளை மாவட்ட நிர்வாகம் ஆபத்தில்லா இடத்து விலையில் ஒரு பகுதியைக் கொடுத்து வாங்கி இடித்தது. தெருவின் முனையில் தார் சட்டென்று முடியும். வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். மேலே புல், கீழே வெற்றிடம் என்று தொங்கும் விளிம்பை மேலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

கரைக்கு இறங்க நான் எப்போதும் தெற்கே உள்ள கார்ட் கேப் சரிவுப்பாதைக்கே போகச் சொல்வேன், கான்கிரீட், உறுதியானது. உயிர்காப்புப் படகு நிலையமும் இப்போது அங்கேதான். ஊருக்கு நேரே உள்ள இறங்குவழியைக் கடல் எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடும். கீழே வந்ததும் வடக்கே திரும்பி, மண்மேட்டைத் தள்ளி நின்று பாருங்கள். பனிப்பாறைகள் விட்டுச்சென்ற களிமண்ணும் மணலும் அடுக்கடுக்காகத் தெரியும். பாறை என்று ஒன்றுமில்லை. மழைநீர் மணலில் இறங்கி, களிமண்ணில் தங்கி, பக்கவாட்டில் கசிகிறது. கீழே அலை காலை வாருகிறது. மேலும் கீழுமாக இரண்டு தாக்குதல். ஈரம் கசியும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.

இந்த அரிப்புதான் ஊருக்குப் புகழும் கொண்டுவந்தது. 2000த்தில் கரையில் நடந்துபோன ஒருவர் கண்ணில் கறுப்புச் சிக்கிமுக்கிக் கல்லால் ஆன கைக்கோடரி பட்டது; அதன் வயது சுமார் 5 லட்சம் ஆண்டுகள். 2013 மே மாதம் மணல் விலகியபோது, பழைய ஆற்று முகத்துவாரச் சேற்றில் பெரியவர், குழந்தைகளின் காலடித் தடங்கள் வெளியே வந்தன. எட்டரை லட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதைவிடப் பழைய மனிதத் தடம் அப்போது அறியப்படவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகக் குழு மழையில் நின்று படம்பிடித்து அளந்தது. இரண்டு வாரத்தில் அலை அத்தனையையும் அழித்துவிட்டது. ஆக, தடத்தைத் தேடி இங்கே வராதீர்கள், கிடைக்காது. விசித்திரமான கல்லோ எலும்போ கண்ணில் பட்டால், கிடந்த இடத்தோடு படம் எடுத்து நார்விச் கோட்டை அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள். மேட்டை மட்டும் தோண்டாதீர்கள்.

கால் வலிக்கவில்லை என்றால் கார்ட் கேப்புக்குத் தெற்கே எக்கிள்ஸ் வரை மணலில் போகலாம். அந்த ஊரின் தேவாலயக் கோபுரம் 1895 ஜனவரிப் புயலில் விழும்வரை கரைமணலில் தனியாக நின்றது. இப்போது பெரும்பாலும் வெறும் மணல்தான்; குளிர்காலப் புயல் மணலை வாரிய பின் போனால் அடித்தளக் கற்கள் தெரியலாம். திரும்பும்போது நீர் ஏறத் தொடங்கியிருக்கும், மேலே உள்ள பாதையையே பிடியுங்கள். கடைசி பஸ்ஸுக்கு அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.